டீப்பாய் செய்யப் போன கதை

திருநகர்வாசி:

எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேம்பு இரண்டு வருஷம் முன்னால் ஐப்பசி மழையில் சாய்ந்துவிட்டது. விறகுக்காரர் வந்து சுற்றிப் பார்த்து ஒரு விலை சொன்னார். அந்தக் காசுக்கு அதைத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. அடிமரத்தை 6 அடிக்கு நறுக்கி, குட்டியானையில் ஏற்றி, அவனியாபுரம் பக்கம் ஒரு அறுவை மில்லுக்குக் கொண்டுபோனேன். பலகை ஒன்றேகால் அங்குலக் கனத்தில், காலுக்கு மட்டும் கொஞ்சம் தடித்த கட்டை. வாள் ஓடி முடிந்து பலகை பிரிந்து விழுந்தபோது பார்க்கவேண்டுமே! ஓரமெல்லாம் வெளுப்பு, நடுவில் வைரம் செம்மண் நிறத்தில். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இதில் ஒரு டீப்பாய் செய்து ஹாலில் போடுவதென்று. இத்தனைக்கும் அதுவரை நான் செய்த ஒரே மரவேலை, ஆணியடித்துக் காலண்டர் மாட்டியது.

மில்காரர் ஒன்று சொல்லித்தான் அனுப்பினார். “பலகைக்கு நடுவுல குச்சி வச்சு அடுக்குங்க சார். நெழல்ல ஒரு வருஷம் கெடக்கட்டும்.” ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது அவர்கள் கணக்கு. குச்சி வைத்தேன், நிழலிலும் போட்டேன். வருஷத்துக்குத்தான் பொறுமை இல்லை. தை மாதம் பொங்கல் லீவு வந்தது, கை அரித்தது.

அளவு சொல்கிறேன், யாருக்காவது உதவும். மேல்பலகை 3 அடி நீளம், 1½ அடி அகலம். உயரம் 17 அங்குலம். எங்கள் சோபாவில் உட்காரும் இடம் 18 அங்குலம் என்பதால் அதைவிட ஒன்று குறைத்தேன். கால் 2-க்கு 2 அங்குலம், மேல்பலகைக்கு அடியில் கால்களை இணைக்கும் சுற்றுச் சட்டம் 3-க்கு 1. எல்லாம் கூட்டினால் முக்கால் கன அடிகூட வராது. ஆனால் இழைப்பிலும் அறுப்பிலும் போவதைச் சேர்த்து ஒரு கன அடி எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பந்தூள் மூக்கில் ஏறினால் தும்மலோ தும்மல், துணி கட்டிக்கொண்டு இழையுங்கள்.

காலில் உளியால் துளை எடுத்து, சட்டத்தின் நுனியை நாக்கு மாதிரி சீவி, பெவிகால் தடவிச் செருகினேன். முதல் துளைக்கு ஒரு பகல் முழுக்கப் போனது, நாலாவது காலுக்கு வந்தபோது ஒரு மணி நேரம். மேலே மூன்று பலகையை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, அடியில் சட்டத்தோடு சேர்த்துப் பத்துத் திருகாணி. ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினேன். உப்புத்தாள் 80, 120, 220 என்று முரட்டிலிருந்து நைஸுக்கு வரிசையாகத் தேய்த்து பாலிஷும் போட்டாயிற்று. வந்தவர்கள் எல்லாம் “கடையில வாங்குனதா?” என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்வதற்காகவே சிலரை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

பங்குனி கடைசி. ராத்திரி ஒரு மணி இருக்கும், ஹாலில் ‘பட்’டென்று ஒரு சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் நடுப்பலகை நீளவாக்கில் பிளந்து கிடக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகினால் நிற்கும். ஓரப்பலகை வேறு அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டது. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிளவு தெரியாமல் மேலே ஒரு விரிப்பை விரித்துவிட்டுப் போனாள். அதுதான் இன்னும் சுருக்கென்றது.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக் கதவைச் சரிசெய்ய ஒரு பெரியவர் வந்திருந்தார், ஆசாரி. எழுபது வயசுக்குக் குறையாது. கூப்பிட்டுக் காட்டினேன். மேலே பார்க்கவே இல்லை. சட்டென்று தரையில் மல்லாந்து படுத்து அடிப்பக்கம் பார்த்தார்.

“எத்தன திருகாணி சார் போட்டிருக்கீக?”

“பத்து.”

“பத்துப் பேரு அமுக்கிப் புடிச்சா அது எங்கிட்டுப் போகும்?”

காயும்போது மரம் நீளத்தில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது, அகலத்தில்தான் சுருங்கும் என்றார். அரைகுறையாய்க் காய்ந்த ஒன்றரை அடி அகலப் பலகை, மதுரை வெயிலில் மூணு நூலாவது உள்ளே இழுக்கும். நான் அதை இழுக்கவிடாமல் நாலு பக்கமும் முடுக்கி வைத்திருக்கிறேன். போக வழி இல்லாமல் நடுவில் பிளந்துகொண்டது. (தெரியாதவர்களுக்கு: ஆசாரி கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல்.)

அப்புறம் பலகையின் வெட்டுமுகத்தைக் காட்டினார். அதில் வருஷ வளையம் வில் மாதிரி வளைந்து ஓடுகிறது. காயக் காய அந்த வில் நிமிரப் பார்க்கும், பலகையில் வில் புடைத்திருக்கும் பக்கம் குழியும். மூன்று பலகையிலும் வில் ஒரே பக்கம் பார்த்து இருந்தது. “ஒண்ணு சிரிச்சா அடுத்தது அழணும் சார். மாத்தி மாத்திப் போட்டா ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும்” என்றார்.

திருகாணியைக் கழற்றி, பிளவின் மேலேயே வாளை ஓட்டி இரண்டாக்கினார். விளிம்பை இழைத்து, ஒரு பாதியைத் திருப்பிப் போட்டு ஒட்டினார். இறுக்குவதற்கு என்னிடம் கருவி கிடையாது. கொடிக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். பசை ஓரத்தில் முத்து முத்தாகக் கசிந்தது. மறுநாள் வரை தொடக்கூடாது என்று உத்தரவு. சட்டத்தில் இருந்த துளைகளையும் அகலவாக்கில் மூணு நூல் நீளத்துக்கு வாய் திறந்துவிட்டார். குறுக்குச் சட்டங்களின் நடுத் திருகாணி மட்டும் இறுக்கம், மற்றதெல்லாம் நகரலாம். இரண்டு கோடை தாண்டியாயிற்று, புதிதாக ஒரு கீறல் இல்லை.

செல்லூர் அக்கா:

சிரித்துவிட்டேன் தம்பி. என் கதை டீப்பாய்க் கால் கதை. செய்து முடித்து ஹாலில் வைத்தால் ஆடியது. ஒரு காலில் கொஞ்சம் அறுத்தேன், இப்போது எதிர்க்கால் தூக்கியது. அதை அறுத்தேன். இப்படியே போய் 17 அங்குலம் 13-க்கு வந்தபோது, மாமியார் வந்து, “ஏத்தா, அத அந்தத் திண்ணையில வச்சுப் பாரு” என்றார். திண்ணையில் ஆடவே இல்லை! எங்களுடையது பழைய வீடு. கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காக ஹால் தரையை வாசல் பக்கம் சரித்துப் போட்டிருக்கிறார்கள், அதுவும் ஒரே சீராக இல்லை. குற்றம் முழுக்கத் தரையில், தண்டனை காலுக்கு. இப்போது அது டீப்பாய் இல்லை, மணை. மாமியார் அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார்.

இன்னொன்று. டீப்பாயில் டீயும் இல்லை, பாயும் இல்லையாம். மூன்று கால் என்று பொருள்படும் வடக்கத்திச் சொல் அது, வெள்ளைக்காரன் டீயைச் சேர்த்து எழுதிவிட்டான். மூன்று காலாக இருந்திருந்தால் எந்தத் தரையிலும் ஆடியிருக்காது. நான்தான் நாலு போட்டேன்.

மேலூர்க்காரன்:

காரைக்குடியில் இடித்த வீட்டு மரம் வாங்கினேன், பர்மா தேக்கு வாசல்நிலை. காய்ந்த மரம், வளையாது, உண்மைதான். ஆனால் உள்ளே பழைய ஆணி இருக்கும், தலை முறிந்து வெளியே தெரியாமல். என் மிஷின் பிளேடில் நாலு பல் போனது. ஒன்று தெறித்துக் கண்ணாடியில் பட்டது, கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. ஒரு காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேலாக மெதுவாக இழுத்துப் பாருங்கள், ஆணி இருக்கும் இடத்தில் ஒட்டப்போகும்.

கீழவாசல்:

திருநகர் சார், என்ன பாலிஷ் போட்டீர்கள்? நான் அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பிரெஞ்சு பாலிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் நாளே சூடான டபராவை வைத்து வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது.

திருநகர்வாசி:

நானும் அதேதான். அரக்குக்குச் சூடு ஆகாது. துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டும் தொடாமலும் நனைத்து ஒரே ஒரு இழுப்பு இழுங்கள், வட்டம் மறையும். ரொம்ப நனைத்தால் பாலிஷே கரைந்து வந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு வட்டத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். ஆசாரி அன்றைக்குக் காபி குடித்துவிட்டு வைத்த டம்ளர் அது. கூலி வேண்டாம் என்றவரிடம் சட்டைப்பையில் திணித்துத்தான் அனுப்பினேன். வீட்டம்மா விரிப்பை எடுத்துவிட்டாள்.