புதுப்பிப்பு: உபுண்டு 22.04, எக்ஸ்ஆர்டிபி கருப்புத் திரை தீர்ந்தது

விண்டோஸிலிருந்து எக்ஸ்ஆர்டிபி (லினக்ஸ் கணினியின் டெஸ்க்டாப்பைத் தொலைவிலிருந்து பயன்படுத்த உதவும் மென்பொருள்) வழியே என் உபுண்டு கணினிக்குள் நுழைந்தால், கடவுச்சொல் கொடுத்த பிறகு வெறும் கருப்புத் திரைதான் வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "அதே பயனர் அந்தக் கணினியில் நேரடியாகவும் உள்நுழைந்திருக்கிறாரா பாருங்கள்" என்ற யோசனை. ஒரே பயனருக்கு இரண்டு க்னோம் (உபுண்டுவின் டெஸ்க்டாப் சூழல்) அமர்வுகள் ஒத்துவராது. அங்கே லாக்அவுட் செய்ததும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் தொலை இணைப்புக்குத் தனிப் பயனரை உருவாக்குவதே சுத்தமான வழி. எக்ஸ்ஆர்டிபியின் தொடக்க ஸ்கிரிப்ட்டில் கைவைப்பதெல்லாம் ஒட்டுவேலை.

எதிர்பாராதது ஒன்று: உபுண்டு அமைப்புகளில் ரிமோட் டெஸ்க்டாப் பகிர்வு இயங்கினால் அதுவும் எக்ஸ்ஆர்டிபி பயன்படுத்தும் அதே 3389 போர்ட்டையே (இணைப்பு வந்துசேரும் வாசல் எண்) பிடிக்கிறது. எக்ஸ்ஆர்டிபி அமைப்புக் கோப்பில் போர்ட்டை 3390 என மாற்றி, சேவையை மறுதொடக்கம் செய்து, ஃபயர்வாலிலும் அதைத் திறந்தேன். இணைக்கும்போது ஐபி முகவரியை அடுத்து முக்காற்புள்ளியும் 3390-உம் சேர்க்க வேண்டும்.