மறு: ‘வேரியன்ட்’ – விகாரமா, பிறழ்வா, திரிபா?

அன்புள்ள குழுவினருக்கு,

மரபணுத்தொகைப் பரிசோதனை அறிக்கைகளைத் தமிழாக்கும்போது ‘வேரியன்ட்’ (மரபணு எழுத்து வரிசையில் ஒருவருக்குள்ள வேறுபாடு) என்ற சொல்லில்தான் முட்டி நிற்கிறோம். ‘சடுதிமாற்றம்’ பொருந்தாது, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்ததில் சடுதி ஏது? ‘பிறழ்வு’ அதைவிட மோசம். ஒப்பீட்டுக்கென வைத்துள்ள பொது மரபணுத்தொகையோடு (மேற்கோள் தொகை) ஒப்பிட்டால் எவருக்கும் 40 முதல் 50 லட்சம் இடங்கள் வேறுபடும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை.

என் பரிந்துரை ‘விகாரம்’. இலங்கையில் மியூட்டேஷனுக்கு அதுவே வழக்கு. நன்னூல் சொல்லும் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் இரத்தச் சிவப்பணுப் புரதத்துக்கான பீட்டா குளோபின் என்ற ஒரே மரபணுவில் காட்டலாம். 6ஆம் கோடானில் (மூன்றெழுத்துத் தொகுதியில்) ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆனால் அரிவாள் செல் நோய்: திரிதல். 8க்கும் 9க்கும் இடையே ஒரு ஜி கூடினால் தலசீமியா என்ற இரத்தசோகை நோய்: தோன்றல். 41, 42இல் நான்கு எழுத்து போனாலும் தலசீமியா: கெடுதல்.

---

மூவகைப் பாகுபாடு அருமை, ஐயா. ஆனால் அறிக்கையைக் கையில் வாங்கும் தாய் ‘விகாரம்’, ‘கெடுதல்’ என்பவற்றை இலக்கணமாக வாசிக்க மாட்டார். தொல்காப்பியர் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று மூன்றாக்கி, மூன்றையும் திரியும் வழிகளாகவே சொல்கிறார். அங்கே திரிபு ஒரு வகையல்ல, மூன்றுக்கும் பொதுப்பெயர். கொரோனாச் செய்திகளால் காதுக்கும் பழகிய சொல். ஆகவே திரிபு, அதற்குள் மாறல், மிகல், குன்றல்.

நல்லதா கெட்டதா என்பதை அடைமொழி சொல்லட்டும். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி என்ற தொழில்சார் அமைப்பின் 2015 வழிகாட்டுதலில் ஐந்து படிகள்: நோய்தரு, பெரும்பாலும் நோய்தரு, பொருள் துணியாத, பெரும்பாலும் தீங்கற்ற, தீங்கற்ற. ‘பெரும்பாலும்’ என்றால் 90 விழுக்காட்டுக்கு மேல் உறுதி. நடுப்படியை ‘சந்தேகத்துக்குரிய திரிபு’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். குற்றம்சாட்டும் சொல் அது. சான்று எந்தப் பக்கமும் போதவில்லை என்பதே பொருள். அதை வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்கக் கூடாது.

‘அரிய திரிபு’ என்பதையும் ‘நோய்தரு திரிபு’க்கு மாற்றாக ஆள வேண்டாம். மக்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் காணும் திரிபைத் தீங்கற்றதெனக் கழிப்பது வழக்கமான வடிகட்டல். மலேரியா மிகுந்த நிலங்களில் அரிவாள் செல் திரிபு அந்த அளவையும் தாண்டும். கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் தேடிவந்த திரிபே போய்விடும்.

---

திரிபு, குன்றல் இரண்டையும் ஏற்கிறேன். இன்னும் சில சொற்கள் தேவை. மேலே சொன்ன 41, 42 குன்றலையே பாருங்கள். மூல வரிசை டிடிசி டிடிடி ஜிஏஜி. முதலிலிருந்து டிடிசிடியை எடுத்தாலும், இரண்டெழுத்து தள்ளிச் சிடிடிடியை எடுத்தாலும் மிஞ்சுவது டிடிஜிஏஜிதான். கணினிக் கோப்பு இடப்பக்கம் ஒதுக்கி எழுதும்; மருத்துவப் பெயரிடல் வலப்பக்கம் ஒதுக்கும். இதைச் சீராக்காமல் தரவுத்தளத்தில் தேடினால், பல்லாண்டாகத் தெரிந்த நோய்தரு திரிபுக்கு ‘பதிவு இல்லை’ என்றே விடை வரக்கூடும். இடவொதுக்கம், வலவொதுக்கம் என்று பட்டியலில் சேர்க்கலாமா?

நான்கு, மூன்றால் வகுபடாததால் பின்வரும் கோடான்கள் எல்லாம் இடம்பெயர்கின்றன. ‘ஃபிரேம்ஷிஃப்ட்’டுக்கு ‘சட்டகப் பெயர்வு’ என்பது வெறும் நேர்பெயர்ப்பு. எழுத்துகள் மும்மூன்றாகச் சேர்வதைச் சீர் என்று கொண்டால், ‘சீர்பெயர்வு’ பொருந்துமா? யாப்பறிந்தவர்கள் சொல்லுங்கள்.