டேப்லெட்ல மட்டும் படம் மங்குது, யாராவது சொல்லுங்கப்பா

வணக்கம் மக்களே, நமக்கு ஊரு குமுளிங்க, மாமாவோட ஏலக்கா கடைக்கு பிளட்டர்ல (ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுக்கும் ஒரே கோடுல ஆப் எழுதுற டூல்) ஒரு ஆப் பண்ணிட்டு இருக்கேன். போன்ல படம் எல்லாம் பளிச்சுனு இருக்கு, 8 எம்எம் காயோட காம்பு வரைக்கும் தெரியுது, ஆனா கடையில இருக்க 10 இஞ்ச் டேப்லெட்ல திறந்தா ஏலக்காயா பச்சப்பட்டாணியானு மாமாவே கேக்குறாரு.

தோண்டிப் பாத்ததுல காரணம் புரிஞ்சுது. பேனர் படம் 360 பிக்சல் அகலம், 2.0எக்ஸ் ஃபோல்டர்ல 720, 3.0எக்ஸ்ல 1080 வச்சிருக்கேன். போனுக்கு பிக்சல் ரேஷியோ (ஆப் கணக்குல ஒரு பிக்சல்னா ஸ்கிரீன்ல எத்தன நெஜ பிக்சல்ங்கறது) 3, அதனால 1080 எடுத்துக்குது. டேப்லெட் 1280க்கு 800, ரேஷியோ வெறும் 1, அதனால அந்த 360 படத்த எடுத்து 800க்கு இழுத்து விட்டுருது. பிளட்டர் இந்த ரேஷியோவ, அதாவது டென்சிட்டிய மட்டும்தான பாக்குது, ஸ்கிரீன் சைஸ பாக்கல. பிளட்டர் இல்லாம நேரடி ஆண்ட்ராய்டுன்னா டேப்லெட் படத்துக்கு டிராயபிள்-எஸ்டபிள்யூ600டிபினு ஒரு ஃபோல்டர் போட்டா முடிஞ்சிருக்கும், ஐபேடுக்கும் ஃபைல் பேர்ல ~ஐபேட்னு சேத்தா போதும்.

இப்ப ஸ்கிரீன் அளவ சொல்ற மீடியாகுவரில ஷார்ட்டஸ்ட்சைடு (ஸ்கிரீனோட சின்னப் பக்கம்) 600க்கு மேலனா டேப்லெட் படம்னு எழுதிருக்கேன் (மொதல்ல அகலத்த பாத்தேன், போன படுக்க வச்சதும் அதையும் டேப்லெட்னு நெனச்சுக்கிச்சு!). வேலை செய்யுது, ஆனா ரெண்டு செட் படம் வச்சா ஆப் சைஸ் ஏறுது, எஸ்டேட் பக்கம் இருக்கவங்க டவுன்லோடு பண்றதுக்குள்ள விடிஞ்சிரும். ஒரே பெரிய படத்த வச்சு கேச்வித் (படத்த எந்த அகலத்துக்கு மெமரில ஏத்தணும்னு சொல்றது) குடுத்து சமாளிக்கலாமா, இல்ல தனித்தனி ஃபோல்டர்தான் நல்லதா? பண்ணுன அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க, ஞாயித்துக்கெழம மாமாகிட்ட காட்டணும்.