அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சாச்சு, எக்கோல (இதய ஸ்கேன்ல) ஈ.எஃப் 38ன்னு வந்திருக்கு, இனிமே எப்படி இருப்பார்?

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, போன வாரம் ஹார்ட் அட்டாக், எல்.ஏ.டிங்கற இதயத்தோட முன்பக்க ரத்தக்குழாய்ல 100 சதவீதம் அடைப்பு, உடனே ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சுட்டாங்க. வலது பக்க குழாய்லயும் ஒரு அடைப்பு இருக்காம், அத அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்றாங்க. டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஈ.எஃப் 38ன்னு போட்டிருக்கு, அத நெட்ல தேடினதுல இருந்து எனக்கு தூக்கமே போச்சு, 100க்கு 38தானா, மீதி இதயம் செத்துப்போச்சா? பாத்ரூம் போயிட்டு வந்தாலே அசந்து உட்கார்ந்துடறார். டாக்டர்கிட்ட கேட்டா "ஆறு வாரம் கழிச்சு எக்கோ எடுப்போம், அப்புறம் பேசலாம்"னு ஒரே வரியில முடிச்சுட்டார். பழையபடி ஆவாரா? எத்தன வருஷம் தாங்கும்னு யாராவது சொல்ல முடியுமா?

எக்கோரூம்:
எக்கோ டெக்னீஷியனா இருக்கேன், டாக்டர் இல்ல, அத மனசுல வச்சு படிங்க. முதல்ல அந்த 100 கணக்க விடுங்க. ஈ.எஃப்னா இதயம் ஒரு துடிப்புல தன்கிட்ட இருக்கிற ரத்தத்துல எத்தன சதவீதத்த வெளிய தள்ளுதுங்கறதுதான். நல்லா இருக்கிற இதயமே ஒரு துடிப்புல தன்கிட்ட இருக்கிற ரத்தத்த முழுசா தள்ளாது, 55லருந்து 70 வரைக்கும்தான் நார்மல். 38 குறைவுதான், இல்லன்னு சொல்லல, ஆனா அட்டாக் வந்த சூட்டுல எடுத்த நம்பர் அது. ரத்தம் நின்னுபோய் திரும்ப வந்த தசை செத்திருக்கணும்னு இல்ல, கொஞ்ச நாள் மரத்துப்போய் வேல செய்யாம கிடக்கும், அப்புறம் மெல்ல எழுந்துக்கும், அதுக்கு சில வாரம் ஆகும். அதனாலதான் உங்க டாக்டர் ஆறு வாரம்னு சொல்லியிருக்கார், தட்டிக்கழிக்கல. நிறைய பேருக்கு ரெண்டாவது எக்கோல நம்பர் ஏறும், சிலருக்கு ஏறாது. எது நடக்கும்ங்கறது வலி ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல குழாய திறந்தாங்கங்கறதுல பெரும்பாதி இருக்கு.

நம்பரே 4, 5 முன்னபின்ன வரும், எடுக்கற கை மாறினாலே மாறும். அதனால ரிப்போர்ட்ல இதயச் சுவர் அசைவ பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஹைப்போகைனீசியான்னா அந்த பகுதி மந்தமா அசையுது, அகைனீசியான்னா அசையவே இல்ல. சுவர் மெலிஞ்சு தழும்பாயிடுச்சுன்னா அது திரும்பறது கஷ்டம். மைட்ரல் வால்வு (இதயத்தோட இடது பக்க வால்வு) லீக் இருக்கா, உள்ள ரத்தக்கட்டி இருக்கான்னும் பார்த்துக்கோங்க. மாத்திரை சாப்பிட்டும் ஈ.எஃப் 35க்கு கீழயே நின்னாதான் துடிப்பு ஆபத்தா தாறுமாறானா சரிபண்ண உடம்புக்குள்ள வைக்கிற ஷாக் மெஷின் பத்தி பேசுவாங்க, அதுவும் ஸ்டென்ட் வச்சு 3 மாசம் பார்த்துட்டுதான், பொதுவா இப்பவே முடிவு பண்ணமாட்டாங்க.

பழையபேட்டரி:
தம்பி, எனக்கும் அதே எல்.ஏ.டிதான், சில வருஷம் ஆச்சு, இப்ப மாடிப்படி ஏறி இறங்கிட்டு இருக்கேன். "எத்தன வருஷம்"ங்கற கேள்விய விட்டுட்டு மாத்திரைய பிடிங்க. ஆஸ்பிரின் கூட இன்னொரு ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரை கொடுத்திருப்பாங்க, வழக்கமா ஒரு வருஷம் ரெண்டையும் சேர்த்து சாப்பிடணும். பல்லு பிடுங்கணும்னு யாராவது நிறுத்த சொன்னாலும் இதய டாக்டர கேக்காம ஒரு வேளை கூட நிறுத்தக்கூடாது, ஸ்டென்ட்லயே கட்டி அடைச்சுக்கும். அந்த இன்னொரு மாத்திரையா டிகாக்ரெலார் கொடுத்திருந்தா அதுவே சிலருக்கு மூச்சு வாங்கற மாதிரி பண்ணும், எனக்கு பண்ணிச்சு, இதயம் போச்சுன்னு நான் பயந்த பயம் இருக்கே. டாக்டர்கிட்ட சொன்னா மாத்தி கொடுப்பார். சிகரெட் இருந்தா இன்னியோட சரி, அதுல பேச்சே இல்ல. நடக்க ஆரம்பிக்கும்போது கூட வர்ற ஆள்கிட்ட பேசிக்கிட்டே நடக்க முடியணும், பேச்சு திணறினா வேகம் அதிகம்னு அர்த்தம். கார்டியாக் ரிஹாப் (இதய நோயாளிகளுக்கு மேற்பார்வையோட தர்ற உடற்பயிற்சி) இருந்தா கண்டிப்பா சேர்த்துவிடுங்க. இன்னொன்னு, அப்பா திடீர்னு பேச்ச குறைச்சுக்கிட்டா, சின்ன விஷயத்துக்கெல்லாம் கண் கலங்கினா அதயும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அட்டாக்குக்கு அப்புறம் டிப்ரஷன் ரொம்ப சகஜம், யாரும் கேக்கறதே இல்ல.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
மேல ரெண்டு பேரும் சொன்னது சரி. தினமும் காலையில வெயிட் பாருங்க, 3 நாள்ல 2 கிலோ ஏறினா, கால் வீங்கினா, படுத்தா மூச்சு முட்டி தலகாணி ரெண்டு மூணு வச்சா, அன்னிக்கே போன் பண்ணுங்க, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. நெஞ்சுவலி திரும்ப வந்தா நேரா எமர்ஜென்சிதான். மீதி அடைப்ப "அப்புறம்"னா எப்பன்னு தேதி கேளுங்க, பொதுவா 45 நாளுக்குள்ள பண்ணிடுவாங்க. எல்.டி.எல்ங்கற கெட்ட கொலஸ்ட்ராலையும் கேளுங்க, இவருக்கு நார்மல்னு லேப் ஷீட்ல போட்டிருக்கிற அளவு பத்தாது, 55க்கு கீழ கொண்டுவர பார்ப்பாங்க.

மழைக்குருவி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்பதான் பேப்பர எடுத்து பார்த்தேன், "எல்.ஏ.டி பகுதியில் ஹைப்போகைனீசியா"ன்னுதான் இருக்கு, கட்டி இல்லன்னும் போட்டிருக்கு. வலி வந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள திறந்துட்டாங்க.

எக்கோரூம்:
ரெண்டு மணி நேரம்னா நல்ல நேரம்தான், மந்தம்தான்னா எழுந்துக்க வாய்ப்பும் இருக்கு. அடுத்த எக்கோவுக்கு போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் சிடியையும் எடுத்துட்டு போங்க, முடிஞ்சா அதே லேப்லயே எடுங்க, பக்கத்துல வச்சு பார்த்தாதான் நிஜமா ஏறியிருக்கான்னு தெரியும்.