பனை ஓலைத் தொழிலுக்குக் கடன்: வங்கிக் கட்டத்தைத் தாண்டியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. எங்கள் ஊர் சாயல்குடிக்கும் மூக்கையூருக்கும் நடுவில். என் சித்தி ஓலைப்பெட்டி, கொட்டான் முடைவதில் கைதேர்ந்தவர், அதை ஒரு சின்னத் தொழிற்கூடமாக வைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் கூலி கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பதநீர் சீசன் முடிந்தால் இந்தப் பக்கம் பனையை நம்பியவர்களுக்கு வருமானம் இல்லை, ஆனால் ஓலை வேலை வருஷம் முழுக்க ஓடும்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் அவர் பெயரில் 6 லட்சத்துக்கு விண்ணப்பித்தோம். கிராமப்புறப் பெண் என்பதால் 35 சதவீதம் மானியம், கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். மாவட்டத் தொழில் மையத்தில் நன்றாகவே வழிகாட்டினார்கள். சிக்கல் வங்கியில்தான். வீட்டுப் பத்திரம் கொண்டுவா என்கிறார்கள், இந்த அளவு சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது, அதைச் சொன்னால் அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

கடலாடி, முதுகுளத்தூர், ராமநாதபுரம் பக்கம் அடமானம் இல்லாமல் இந்தக் கடன் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? எழுத்தில் மறுப்புக் கடிதம் கேட்டால் வேலை நடக்குமா, இல்லை மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் நேரே போய்விடலாமா? திட்ட அறிக்கையில் ஓலை கொள்முதலை எப்படிக் காட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அவரவர் மரத்தில் வெட்டும் ஓலைக்கு ரசீது எங்கே வாங்குவது? மானியத் தொகை 3 வருஷம் வங்கியிலேயே வைப்பாக இருக்குமாம், அதுவரை தவணையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால் பெரிய உதவி.