கூரைக் காசுக்கு முதல் ஒரு கூட்டம், எல்லோரும் வரக்கூடிய நேரத்தில்

எங்கள் ஊர்ச் சங்கத்து அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன கிழமை ஊருக்குப் போய் வந்தேன். வாசிகசாலையின் மேற்குப் பக்கக் கூரை இறங்கிவிட்டது. கறையான் தீராந்தி வரை ஏறியிருக்கிறது. ஓடு விழுந்த இடத்தால் தண்ணீர் நேரே புத்தக அலுமாரியில் ஊற்றுகிறது. ஐயா செய்வித்துக் கொடுத்த அலுமாரி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும்.

அதனால் பெரியண்ணை கூரைக்குக் காசு கேட்டு எல்லோருக்கும் எழுதியது நியாயம். ஆனால் "ஆட்களுக்கு ஊரில் அக்கறை இல்லை, ஒருவரும் கூட்டத்துக்கு வருவதில்லை" என்று அவர் எழுதியது எனக்கு நோகிறது. கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறோம்? டொராண்டோவில் ஞாயிறு இரவு 8 மணிக்கு. கொழும்பில் அப்போது திங்கள் விடிய 5:30, பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்தும் நேரம். லண்டனில் இரவு 1 மணி. சிட்னியில் திங்கள் காலை 10 மணி, எல்லோரும் வேலையில். பிறகு யார் வருவது? கடைசிக் கூட்டத்தில் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே நகரம்.

கொழும்பு நேரம் ஞாயிறு பின்னேரம் 4:30க்கு வைப்போம். இப்போதைக்கு அது லண்டனில் நண்பகல் 12, சிட்னியில் இரவு 9. டொராண்டோவில் காலை 7, அண்ணைமார் ஒரு நாள் நேரத்தோடு எழும்ப வேண்டும். கேட்கலாம்தானே?

சங்கக் கணக்கு கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முதலே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். லண்டன் தம்பி மூன்று தரம் கேட்டுவிட்டான், ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவன் கேட்பது சண்டைக்கு இல்லை. 2022 தொடக்கத்தில் அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதம் 360 வரை போனது. அந்த வருடம் சேர்த்த காசு எந்தத் தேதியில் ரூபாய் ஆனது என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பலர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள், காசும் அனுப்பாமல் இருக்கிறார்கள்.

கிணற்றடி மதில் கதையை அன்றைக்கு எடுக்க வேண்டாம். இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்த நாளில் வாசிகசாலைக்கு வீரகேசரிப் பத்திரிகை வந்ததும் ஒருவர் உரத்து வாசிப்பார், திண்ணையில் இருந்தவர்கள் இருட்டும் வரை வாதாடுவார்கள். உங்களில் பலர் அங்கேதான் பேசப் பழகினீர்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டோம். உள்ளே வந்து இரு என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. இன்றைக்கும் சங்கத்தில் காசு அனுப்பும் அக்காமார் எத்தனை பேர், பேசிய அக்காமார் எத்தனை பேர்? இந்த முறை அவர்களிடம் முதலில் கேளுங்கள். சுவிஸில் பிறந்த பிள்ளைகளும் வரட்டும். தமிழ் தடுமாறினால் ஜெர்மன் கலந்து பேசட்டும், பக்கத்தில் தாய் தகப்பன் இருந்து சொல்லிக் கொடுக்கலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆட்களுக்கு நான் பொறுப்பு. போனில் பார்க்கத் தெரியாத வயதானவர்கள் எங்கள் வீட்டுக்கு வரட்டும், கணினியை ஹோலில் வைத்துத் தேநீரும் தருவேன். கொட்டாஞ்சேனை அறையில் ஒன்பது பேர் பாயில் படுத்த காலத்தில் யார் சமைத்துப் போட்டது என்று பெரியண்ணைக்குத் தெரியும். அந்த மாமிதான் இப்போது "என்னை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை பிள்ளை" என்கிறா.

எந்த ஞாயிறு வசதி என்று இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள். மேசனிடம் மரத்துக்கும் கூலிக்கும் விலை கேட்டிருக்கிறேன், வந்ததும் அனுப்புகிறேன். அலுமாரியைத் தறப்பாளால் மூடிக் கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வெள்ளவத்தையிலிருந்து,
கிழக்கு வீட்டு இளையவள்