பாரிஸ், ஒரு வாரம், 5 பேர்: விமான டிக்கெட் போக 4 லட்சம் போதுமா?

கோவை நிலா:

வணக்கம். இந்த மே மாதம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் பாரிஸ் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நானும் கணவரும், 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே என் அம்மா. பாரிஸ் மட்டும்தான், வேறு ஊர் எதுவும் கிடையாது. ஒரே வாரத்தில் நாலு நாடு ஓடுவதில் எங்கள் வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை.

விமான டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்துவிட்டோம். அது போக விசா, தங்குமிடம், சாப்பாடு, சுற்றிப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து 4 லட்சம் ரூபாய் ஒதுக்க முடியும். இங்கே ஒரு பயண முகவரிடம் கேட்டால் இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சொல்கிறார், அதில் மதியச் சாப்பாடுகூட இல்லை. அதனால் நாங்களே திட்டமிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறோம். மே 1 வெள்ளிக்கிழமை போய் இறங்கி, 8 வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இப்போதைக்கு உத்தேசம். டிக்கெட் இன்னும் போடவில்லை.

அம்மா சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார்கள். முழங்கால் வலி இருப்பதால் நிறையப் படி ஏறவும் முடியாது. நகரத்துக்கு நடுவில் அறை எடுத்தால் விலை தாங்கவில்லை, புறநகரில் எடுத்தால் தினமும் ரயிலுக்கே காசும் நேரமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது?

ரயில்பிரியன்:

4 லட்சத்தில் தாராளமாக முடியும், ஆனால் தேதியை மாற்றுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பாரிஸில் நவிகோ என்று ஒரு போக்குவரத்து அட்டை இருக்கிறது. அதில் வாரப் பாஸ் 2026இல் 32.40 யூரோ. மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில் எல்லாமே அதில் அடக்கம். விமான நிலைய ரயிலும் சேர்த்துத்தான். பாஸ் இல்லாமல் தனி டிக்கெட் எடுத்தால் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ஆளுக்கு 14 யூரோ, திரும்பிப் போக இன்னொரு 14. அந்த 28 யூரோவோடு கூட நாலரை யூரோ போட்டால் வாரம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் போகலாம். வெர்சாய் அரண்மனைக்குப் போகும் ரயிலும் இதிலேயே வந்துவிடும். மெட்ரோ தனி டிக்கெட் ஒன்று 2.55 என்பதையும் வைத்துப் பார்த்தால் பாஸ் எடுக்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

ஆனால் ஒரு விஷயம். இந்த வாரம் என்பது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. திங்கள் காலை தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடிந்துவிடும். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரைக்கும்தான் தருவார்கள், வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்கு மட்டும். நீங்கள் வெள்ளிக்கிழமை இறங்கினால் முதல் மூன்று நாளும் தனித்தனி டிக்கெட்தான், அப்புறம் திங்களிலிருந்து பாஸ். அதே மே 4 திங்கள் இறங்கி 10 ஞாயிறு இரவு கிளம்பினால் ஒரே பாஸில் எல்லாம் முடிந்தது. பெரியவர்கள் மூன்று பேர், 11 வயதுப் பிள்ளை, ஆக நாலு பாஸ், அட்டைக்கு ஆளுக்கு 5 யூரோ, எல்லாம் சேர்த்து 150 யூரோவுக்குள். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் கையில் வைத்திருங்கள், அட்டையில் ஒட்ட வேண்டும். ஓர் அட்டையை இரண்டு பேர் பயன்படுத்த முடியாது. சின்னவருக்கு 10 வயது ஆகாததால் பாதி விலை டிக்கெட் கிடைக்கும், கவுன்டரில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மே 1 அங்கே தொழிலாளர் தினம், ஊரே மூடிக் கிடக்கும், லூவர் அருங்காட்சியகத்துக்கும் அன்று விடுமுறை. விமானத்திலிருந்து இறங்கிய களைப்போடு கடை கடையாக அலைய வேண்டியிருக்கும். மே 8ம் அரசு விடுமுறைதான், ஆனால் அது இவ்வளவு மோசமில்லை.

தங்குமிடத்துக்கு வருகிறேன். நடுவிலா புறநகரா என்று பார்ப்பதை விட, எந்த மெட்ரோ பாதையில் என்று பாருங்கள். பாரிஸ் மெட்ரோ ரொம்பப் பழையது, 1900இல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிதான், சில இடங்களில் மூன்று மாடி அளவுக்குப் படி. உங்கள் அம்மாவுக்கு அது சரிப்படாது. 14ஆம் எண் பாதை மட்டும் 1998இல் வந்தது, முழுக்க லிஃப்ட் வசதி கொண்டது. வடக்கே செயின்ட் தெனி, தெற்கே ஓர்லி விமான நிலையம் வரை நீட்டியிருக்கிறார்கள். நடுவில் ஷத்லே, லூவருக்குப் பக்கத்தில் பிரமீத், சான் லசார் நிலையங்கள் எல்லாம் அதிலேயே வருகின்றன. வடக்கே சான்துவான், தெற்கே ஒலிம்பியாத் அல்லது வில்ஜுயிஃப் பக்கம் சின்ன சமையலறையோடு கூடிய அப்பார்ட்மென்ட் ஓட்டல் தேடுங்கள். 5 பேருக்கு ஒரு நாளைக்கு 230 யூரோ என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் போட்டால் அதற்குக் கீழேயும் கிடைக்கும். ஒலிம்பியாத் பகுதி ஆசியக் கடைகள் நிறைந்த இடம், அரிசி காய்கறிக்குப் பிரச்சினையே இல்லை.

அறை வாடகையோடு நகர வரி தனி, இணையத்தில் காட்டும் விலையில் பல நேரம் அது சேர்ந்திருக்காது. 3 நட்சத்திர இடமென்றால் ஒரு பெரியவருக்கு ஓர் இரவுக்கு 5 யூரோவுக்கு மேல் வரும். 18 வயதுக்குக் கீழே வரி இல்லை.

மதுரை மல்லி:

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. உங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்த வரம்புக்குள்தான் வருகிறார்கள், ஆக 360 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 12 வயது ஆகாத பிள்ளைகளுக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஏப்ரலில் போய் நின்றால் தேதி கிடைப்பதே கஷ்டம், இப்போதே பாருங்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துப் போடுங்கள், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது, அறைப் பணமாவது கைக்குத் திரும்பும். ஓட்டல் முன்பதிவு காட்டினால் பிரான்ஸ் கேட்கும் குறைந்தபட்சத் தொகை ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, முன்பதிவு இல்லையென்றால் 120. வங்கிக் கணக்கில் அந்த அளவு பணம் தெரிய வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்த மாதிரி இருந்தால் கேள்வி வரும்.

பணம் செலவழிக்கும்போது ஒன்று கவனியுங்கள். கார்டு இயந்திரம் யூரோவிலா ரூபாயிலா என்று கேட்டால் எப்போதும் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை. சாதாரண கிரெடிட் கார்டுகளில் பெரும்பாலும் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள், 3 லட்சத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்தக் கட்டணம் இல்லாத கார்டு, அல்லது முன்கூட்டியே யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது யூரோவுக்கு 110 ரூபாய் என்றே போடுங்கள், கையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும்.

வடலி:

அக்கா, நான் பாரிஸில்தான் இருக்கிறேன். அம்மாவின் சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லாச்சப்பல் என்று நாங்கள் சொல்லும் இடம் முழுக்க எங்கட ஈழத் தமிழ் ஆக்களின் கடைகள்தான். தோசை, இடியப்பம், சோறு கறி எல்லாம் கிடைக்கும். நகரத்தின் மற்ற உணவகங்களில் கொடுக்கும் காசில் பாதிக்குள் வயிறார சாப்பிடலாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய்கூட வாங்கலாம். பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது, அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. தேர் ஆகஸ்ட் கடைசியை ஒட்டி வரும், மே மாதம் வந்தால் அது கிடைக்காது. ஆனால் அந்தப் பகுதியில் அறை எடுக்கச் சொல்ல மாட்டேன். பகலில் பிரச்சினை இல்லை, இரவில் பிள்ளைகளோடும் பெட்டியோடும் ஸ்டேஷனைச் சுற்றி நடப்பது நல்லதில்லை.

ரயில்பிரியன் சொன்ன 14ஆம் பாதை யோசனை சரியானது. கூட ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்கு மெட்ரோவை விட பஸ் நல்லது. நகர பஸ்கள் தாழ்வான தளம் கொண்டவை, படியே இல்லை, ஊரையும் பார்த்துக்கொண்டு போகலாம். பாஸில் அடங்குவதால் தனிக் காசும் இல்லை. மொன்மாத்ரில் குன்று ஏற ஒரு சின்ன இழுவை ரயில் இருக்கிறது, அதுவும் இதே பாஸில்தான். மேலே சாக்ரே கேர் தேவாலயம் இலவசம். 2024 டிசம்பரில் திரும்பத் திறந்த நோத்ர் தாமும் இலவசம்தான். அதற்கு டிக்கெட் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

லூவரில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ ஆக்கிவிட்டார்கள், முன்பு எல்லோருக்கும் 22. வெர்சாயிலும் சான்ட் ஷப்பெல் தேவாலயத்திலும் இதே மாதிரி இரண்டு விலை வந்திருக்கிறது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தூரத்திலிருந்து வாழ்நாளில் ஒரு தரம் வருகிற குடும்பத்திடம்தான் கூடுதலாக வாங்குகிறார்கள். ஆனால் 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளை என்றாலும் இலவசம், அதில் மாற்றம் இல்லை. அதனால் உங்களுக்கு மூன்று டிக்கெட்தான், 96 யூரோ. ஓர்சே அருங்காட்சியகம் 16 யூரோதான், என் கருத்தில் பிள்ளைகளோடு போக லூவரை விட அதுவே நல்லது. பழைய ரயில் நிலையக் கட்டடம், அளவும் சின்னது, ஓவியங்கள் கண்ணுக்கு நெருக்கமாக இருக்கும். இரண்டில் ஒன்றை விட வேண்டுமென்றால் லூவரை வெளியே முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு ஓர்சேக்குள் போங்கோ. பெத்தி பலே, கார்னவலே ஆகிய நகராட்சி அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே இல்லை. நன்றாகவும் இருக்கும், கூட்டமும் குறைவு.

உணவகத்தில் தண்ணீர் கேட்டால் பாட்டிலைக் கொண்டுவந்து காசு போடுவார்கள். "யுன் கராஃப் தோ" என்று கேளுங்கோ, குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகத் தருவார்கள், நாங்கள் எல்லோரும் அதைத்தான் குடிக்கிறோம். சேவைக் கட்டணம் விலையிலேயே இருக்கிறது, டிப்ஸ் கட்டாயம் இல்லை. சூப் எடுக்கும்போது மட்டும் அம்மாவுக்காகக் கேட்டு வாங்குங்கோ, காய்கறி சூப் என்றாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருப்பார்கள்.

கோவை நிலா:

ரொம்ப நன்றி, எல்லோருக்கும். மே 4 முதல் 10 வரை என்று மாற்றிவிடுகிறோம், விசா தேதியும் இன்றே பார்க்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஓர்சே மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று படித்தேன், அது மே 3ஆம் தேதி வருகிறதே, ஒரு நாள் முன்னால் வந்தால் லாபமா? அப்புறம் ஈஃபிள் கோபுரம் ஏறியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அம்மா கீழேயே இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ரயில்பிரியன்:

ஓர்சேயில் மிச்சமாவது மூன்று பேருக்கு 48 யூரோ. ஒரு நாள் முன்னால் வந்தால் கூடுதல் அறை வாடகை 230, விமான நிலைய டிக்கெட் தனி. வேண்டாம். அந்த ஞாயிறுகளில் கூட்டமும் அதிகம், இலவசம் என்றாலும் நேரம் முன்பதிவு செய்தே போக வேண்டும். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்கும் வெர்சாய்க்கும் திங்கள் விடுமுறை. அதனால் வந்து இறங்கும் திங்களன்று எதுவும் வைக்காமல் அறைக்குப் பக்கத்தில் நடந்துவிட்டுத் தூங்குங்கள்.

ஈஃபிளுக்கு லிஃப்ட் டிக்கெட் அறுபது நாள் முன்பே இணையத்தில் திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். மார்ச் முதல் வாரத்திலேயே பாருங்கள். அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், இடைத்தரகர் தளங்களில் அதே டிக்கெட்டுக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள். உச்சி வரை போகத் தேவையில்லை, இரண்டாம் தளத்திலிருந்துதான் ஊர் தெளிவாகத் தெரியும், விலையும் கணிசமாகக் குறைவு. கணவரும் பிள்ளைகளும் கால் வலிக்காமல் ஏறக்கூடியவர்கள் என்றால் இரண்டாம் தளம் வரை படியிலேயே போகலாம், 674 படி, கட்டணம் லிஃப்டை விடக் குறைவு. நீங்கள் அம்மாவோடு சேன் நதியின் எதிர்க்கரையில் த்ரோகதேரோ மேடையில் உட்கார்ந்திருக்கலாம். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க விளக்கு மினுங்கும், அதற்குக் காசில்லை. மே மாதத்தில் நன்றாக இருட்ட இரவு பத்து மணி ஆகிவிடும், அன்று மதியம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடுங்கள்.

மொத்தக் கணக்கு எனக்கு இப்படி வருகிறது. ஆறு இரவுக்கு அறையும் நகர வரியும் 1,500, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 200, அருங்காட்சியகம், வெர்சாய், ஈஃபிள் எல்லாம் 400க்குள், காலையும் இரவும் அறையில் சமைத்து மதியம் வெளியில் சாப்பிட்டால் நாளுக்கு 80 வீதம் 560, அவசரத்துக்கு 300. மூவாயிரம் யூரோவைத் தாண்டவில்லை, அதாவது 3 லட்சத்து 30 ஆயிரத்துக்குள். விசா 40 ஆயிரம். காப்பீட்டுக்கும் சேவைக் கட்டணத்துக்கும் 30 ஆயிரம் மீதி இருக்கிறது. அறை 260ஐத் தாண்டினால் மட்டும் இங்கே வந்து சொல்லுங்கள், வேறு பகுதி பார்த்துத் தருகிறேன்.